பதினொரு தடைகளும் பதினேழாம் பிரிவும்



தியாகி இமானுவேல் சேகரனை நினைத்துக் கூடியிருக்கிறோம். மாணவர்களுக்குப் புரியும்படி அரசியலமைப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 ஜூனில் பதினொரு தடைகள் வந்தன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் இவற்றைப் பதிவுசெய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது. குடை, செருப்பு கூடாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது. மிராசுதாரின் மாடுதான் மேய்க்க வேண்டும்.

இவற்றை எந்தச் சட்டமன்றமும் இயற்றவில்லை. ஆனாலும் மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. எழுதாத சட்டமும் ஆளும் என்பதுதான் முதல் பாடம். அதனால்தான் பிரிவு 13, 'சட்டம்' என்ற சொல்லுக்குள் சட்டத்தின் வலுவோடு நிலவும் வழக்கங்களையும் சேர்த்தது. அடிப்படை உரிமைக்கு முரணானால் அவை செல்லாது. 'எங்க ஊர் வழக்கம்' என்பது இனி பதில் ஆகாது.

இரண்டாவது பாடம். சட்டத்தின் முன் சமத்துவத்தை யாருக்கும் மறுக்காதே என்று பிரிவு 14 அரசைப் பார்த்துச் சொல்கிறது. ஆனால் நம்மைத் தடுத்தது அரசு மட்டுமா? பக்கத்துத் தெருக்காரரும் கடைக்காரரும் தடுத்தார்கள். அதனால் பிரிவு 15(2) கடையையும் கிணற்றையும் குளத்தையும் சாலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பிரிவு 17 தீண்டாமையை எந்த வடிவிலும் தடைசெய்கிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபை அதை ஏற்றபோது, சென்னை மாகாணத்திலிருந்து சென்றிருந்த தாட்சாயணி வேலாயுதன் அதை ஆதரித்துப் பேசினார்.

மூன்றாவது, உழைப்பு. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர் வழக்கில், 1982இல் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. 17, 23, 24 ஆகிய பிரிவுகள் தனிமனிதர்களையும் கட்டுப்படுத்தும். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது பிரிவு 23 தடைசெய்யும் கட்டாய உழைப்பு. அரிசி ஆலைகள் நிறைந்த இந்தப் புதுவயலில் இதை ஒவ்வொரு தொழிலாளியின் பிள்ளையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நான்காவது, உரிமை பறிபோனால் எங்கே போவது? பிரிவு 32 உச்ச நீதிமன்றத்துக்கும், பிரிவு 226 உயர் நீதிமன்றத்துக்கும் வழி திறக்கிறது. ஆனால் தீர்ப்பு வந்த மறுநாளே ஊர் மாறிவிடாது. நம் பக்கத்துக் கண்டதேவியில் தேர் வடம் பிடிக்கும் உரிமை நீதிமன்றம் வரை போனது. பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற தேர், 2024 ஜூனில்தான் ஓடியது.

இமானுவேல் சேகரன், மாவட்ட ஆட்சியர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் கலந்துகொண்ட மறுநாள், 1957 செப்டம்பர் 11 அன்று, பரமக்குடியில் கொல்லப்பட்டார். அப்போது அரசியலமைப்புக்கு வயது ஏழு. பிரிவு 17 அச்சில் இருந்தது; அவர் உயிரை அது காக்கவில்லை. சட்டம் போதாது என்று இதற்குப் பொருள் அல்ல. அதைக் கையில் எடுக்க ஆட்கள் வேண்டும் என்று பொருள்.

மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டி காலத்தில் நீங்கள் இப்படி அமர்ந்து படிப்பதே தடைமீறல். இன்று பிரிவு 21அ, 6 முதல் 14 வயது வரை கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. ஒரு வேலை தருகிறேன். அந்தப் பதினொரு தடைகளில் எது இன்னும் உங்கள் தெருவில் வேறு உருவில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். எந்தப் பிரிவைச் சொல்லி, யாரிடம் மனு கொடுப்பது என்று சேர்ந்து எழுதுவோம்.

ஜெய் பீம்.