நீர்ச் சுத்திகரிப்புப் பணியும் தகுதிச் சான்றிதழும்

(மலாக்கா மாநிலத் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



1991ஆம் ஆண்டில் டுரியான் துங்கல் அணை வற்றிப்போனதை உங்களுள் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வாளியும் குடமுமாய் மக்கள் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தனர். பள்ளிப் பருவத்திலிருந்த நாமும் அவ்வரிசையில் நின்றோம். 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் அணைகளின் நீர்மட்டம் தாழ்ந்து, முறைவைத்துத் தண்ணீர் விடவேண்டிய நிலை மீண்டும் ஏற்பட்டது. குழாயில் நீர் வரும் நாள்களிலோ, அதனைக் குடிக்கத் தக்கதாக்கி அனுப்பியவர் யாரென்று எவரும் கேட்பதில்லை. அந்த ஆப்பரேட்டரின் தொழிலைப் பற்றியே இன்று பேச வந்துள்ளோம்.

இத்தொழில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்நியமானதன்று. பால் ஸ்டோரில் ஃபார்மிக் அமிலம் ஊற்றிப் பாலை உறைய வைப்பதைக் கண்டு வளர்ந்தவர்கள் நீங்கள். அமிலம் குறைந்தால் பால் சரிவர உறையாது. மிகுந்தால் சீட்டு கெடும். ஆற்று நீரிலும் ஏறக்குறைய இதுவே நிகழ்கிறது. நீரில் மிதக்கும் நுண்ணிய களிமண் துகள்கள் தாமாக அடியில் தங்கா. படிகாரம் கலந்தால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து பஞ்சுபோல் திரண்டு கீழிறங்கும். எஞ்சியவற்றை மணல் வடிகட்டி பிடித்துக்கொள்ளும். அதன்பின் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கப்படும். மழை பெய்து ஆறு கலங்கிய நாளில் வேண்டிய படிகாரம் வேறு, வெயில் நாளில் வேண்டியது வேறு. ஆகவே குவளைகளில் வெவ்வேறு அளவு கலந்து பார்த்தே அன்றைய அளவை முடிவு செய்வர். மிஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையலாகாது என்பது நம் நாட்டின் குடிநீர்த் தரம்.

ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் பம்பு வீட்டைப் பல்லாண்டுகள் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒருவரை நாம் அறிவோம். நீரின் நிறத்தைப் பார்த்தே எவ்வளவு படிகாரம் வேண்டும் எனச் சொல்லிவிடுவார். தோட்டம் கைமாறியபின் வேறிடத்தில் வேலை கேட்டுச் சென்றார். “சான்றிதழ் உண்டா?” என்று கேட்டார்கள். இல்லை. செய்த வேலையைக் காட்ட ஒரு குறிப்பேடாவது உண்டா? அதுவுமில்லை. எழுதி வைக்குமாறு அவரிடம் ஒருவரும் சொன்னதில்லை. அவருடைய அறிவு அவரோடே நின்றுவிட்டது.

இத்தகையோருக்கு இன்று ஒரு வழி உண்டு. மனிதவள அமைச்சின்கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை, 2006ஆம் ஆண்டின் 652ஆம் எண் சட்டப்படி மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. எஸ்.கே.எம். என்று இளைஞர்கள் கூறுவது இதனையே. நீர்ச் சுத்திகரிப்பு ஆலையை இயக்குவதும் இச்சான்றிதழுக்குரிய தொழில்களுள் ஒன்று. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் பயின்றும் இதனைப் பெறலாம். வேலை செய்துகொண்டே பயிலும் இரட்டைப் பயிற்சித் திட்டத்திலும் பெறலாம். மூன்றாவது வழி, முன்னைய அனுபவத்தை அங்கீகரிக்கும் பி.பி.டி. முறை. அதில் வகுப்பறை இல்லை. ஆனால் ஆதாரம் வேண்டும். செய்த வேலையைக் காட்டும் பதிவுகளைத் தொகுத்து மதிப்பீட்டாளர் முன் வைக்கவேண்டும். அவர் கேட்கும் கேள்விகளுக்கு விடையளிக்கவும் வேண்டும்.

அனுபவம் இருந்தால் போதாதா, கேள்வி எதற்கு என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. அவர்களுக்குக் கனடா நாட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். ஒண்டாரியோ மாநிலத்தில் வாக்கர்ட்டன் என்பது ஒரு சிற்றூர். 2000ஆம் ஆண்டு மே மாதத்துப் பெருமழையில் மாட்டுச்சாணத்தின் கிருமிகள் அவ்வூர்க் கிணறொன்றில் கலந்தன. 7 பேர் மாண்டனர். 2,300 பேருக்குமேல் நோயுற்றனர். அங்கே நீர்ப்பணியைக் கவனித்தவர்களிடம் சான்றிதழ் இருந்தது. நீண்டநாள் பணியாற்றியதற்காகத் தேர்வின்றியே அளிக்கப்பட்ட சான்றிதழ் அது. அவர்கள் குளோரினைச் சோதிக்காமலேயே, சோதித்ததாகக் குறிப்பேட்டில் எண்களை எழுதி வந்தனர் என்பதை விசாரணை ஆணையம் வெளிப்படுத்தியது. அதன் பிறகு அம்மாநிலத்தில் தேர்வின்றிச் சான்றிதழ் இல்லை. மூன்றாண்டுக்கொரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். அதற்குத் தொடர்பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும்.

நம் நாட்டு ரப்பர்த் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிப்போர்க்கும் சான்றிதழ் உண்டு. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தகுதி பெற்றவர் ஒருவரை அப்பணியில் அமர்த்துமாறு கோருகிறது. பயிற்சி, தேர்வு, களப்பணி அறிக்கை ஆகியவற்றுக்குப் பின்னரே அச்சான்றிதழ் கிட்டும். பெற்றபின் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிட்டு இருந்துவிட இயலாது. தொடர்ந்து பயின்று வரவேண்டும்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற நமக்கு நோட்டுப் புத்தகத்தைப் பற்றிப் பேசாதிருக்க இயலவில்லை, பொறுத்தருள்க. பம்பு வீட்டிலோ கழிவுநீர்க் குளத்திலோ வேலை செய்பவர்கள் இன்றே ஒரு குறிப்பேட்டைத் தொடங்குங்கள். நாள், நேரம், கலந்த மருந்தின் அளவு, சோதனையில் கண்ட எண் ஆகியவற்றை எழுதி மேலாளரின் கையொப்பம் பெறுங்கள். சோதிக்கத் தவறிய நாளில் “சோதிக்கவில்லை” என்றே எழுதுங்கள். மதிப்பீட்டில் மலாய்மொழி பெரிதும் பயன்படுமாதலால், வேலைச் சொற்களை அம்மொழியிலும் கற்றுவையுங்கள். படிவம் நிரப்புவதில் தயக்கமுள்ள பெரியவர்களுக்குப் பிள்ளைகள் துணைநிற்கலாம்.

கூட்டம் முடிந்ததும் வாயிலருகே உள்ள மேசைக்கு வாருங்கள். உங்கள் வேலையையும் எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறீர்கள் என்பதையும் குறித்துக்கொள்கிறோம். பழைய குறிப்பேடு எதுவும் வீட்டில் இருந்தால், கிழிந்திருந்தாலும் எறிந்துவிடாமல் அடுத்த முறை எடுத்து வாருங்கள்.