செவிலியர் பட்டப் படிப்பும் நம் இல்லங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பெண் கல்வி பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். பெண் கல்வி பெருங்கடல். நமக்குத் தெரிந்த ஒரே ஒரு துறையில் இறங்கி, முழங்கால் அளவு நீரில் நின்று பேசுவதே நமக்குத் தகும். ஆகவே செவிலியர் பட்டப் படிப்பை, அதாவது பி.எஸ்ஸி. நர்ஸிங் என்று நம் பிள்ளைகள் சொல்லும் படிப்பை எடுத்துக்கொண்டோம்.

நாம் பத்தாம் வகுப்போடு நின்று இரயில்வேயில் எழுத்தரானவர்கள். கல்லூரி வாசலை மாணவராக மிதித்ததில்லை. ஆயினும் விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்வதும் சான்றிதழ்களை ஒப்பு நோக்குவதும் நம் தொழில். அதனால் ஆண்டுதோறும் தேர்வு முடிவு வெளியாகும் காலத்தில், ராமாபுரத்தில் நம் குடியிருப்பைச் சேர்ந்த பெற்றோர் சிலர் காகிதக் கட்டோடு நம் வீட்டைத் தேடி வருவது வழக்கமாகிவிட்டது. அவர்களோடு பாட்டிமார்களும் வருவார்கள். பெண்ணின் தந்தை விண்ணப்பத்தை நீட்டும்போதே பாட்டி, “போயும் போயும் நர்ஸ் வேலைக்கா அனுப்புவது? கண்டவர் உடம்பைத் தொட்டுக் கழுவுகிற வேலையாயிற்றே!” என்று முணுமுணுப்பார். பாட்டியைக் கடிந்து பயனில்லை. அவர் சொல்வது பழைய தமிழ்நாட்டின் குரல்.

அந்தக் குரலுக்கு ஒரு காலத்தில் உயிர்களே பலியாயின. மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாற்றை உங்களில் பலர் கேட்டிருக்கக்கூடும். 1870-இல் பிறந்த அவர், இளம் பெண்ணாகத் திண்டிவனத்தில் தம் பெற்றோருடன் இருந்தபோது, ஓர் இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஒருவர்பின் ஒருவராக ஆட்கள் வந்தனர். மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை. மருத்துவரான அவர் தந்தை வரச் சித்தமாயிருந்தார். ஆண் மருத்துவர் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூன்று வீட்டாரும் மறுத்துவிட்டனர். விடிந்தபோது மூன்று பெண்களும் மாண்டு போயிருந்தனர். மருத்துவம் கற்கவே மாட்டேன் என்றிருந்த அந்தப் பெண் அமெரிக்கா சென்று, 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, திரும்பி வந்து வேலூரில் பணி தொடங்கினார். தாம் ஒருவரே போதாது, உடன் நிற்கும் செவிலியர் வேண்டும் என்று கண்டு 1909-இல் செவிலியர் பள்ளி அமைத்தார்.

அதற்கும் முன்னே, 1871-இல், சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் நான்கே மாணவியருடன் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. 1946-இல் வேலூர்ச் செவிலியர் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்ப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. அதே ஆண்டில் புதுதில்லியிலும் தொடங்கினர். இந்தியாவில் செவிலியருக்குப் பட்டம் என்பது பிறந்த முதல் இரண்டு ஊர்களுள் ஒன்று நம் பாலாற்றங்கரை ஊர்! கோயிலையும் கோபுரத்தையும் சொல்லிப் பெருமைப்படுகின்ற நாம் இதைச் சொல்லிக்கொள்வதே இல்லை. அவ்வாண்டில் வெளியான போர் குழுவின் அறிக்கை, நாட்டில் 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் வீதமே இருந்ததாகக் கூறுகிறது. ஒரு வட்டத்து மக்கள் அனைவருக்கும் ஒரே ஒரு பெண் என்று எண்ணிப் பாருங்கள்.

பழங்கதை இவ்வளவு போதும். விண்ணப்பத்திற்கு வருவோம்.

இந்தியச் செவிலியர் மன்றம் 2021-இல் வெளியிட்ட விதிகளின்படி, சேரும் ஆண்டின் டிசம்பர் 31-ஆம் நாளன்று வயது 17 நிறைந்திருத்தல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில், அதாவது இங்குள்ள இரண்டாம் பி.யூ.சி.யில், பௌதிகம், இரசாயனம், உயிரியல் ஆகிய மூன்றும் ஆங்கிலமும் படித்துத் தேறியிருக்க வேண்டும். விஞ்ஞானப் பாடங்களில் சேர்த்து 45 விழுக்காடு வேண்டும். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. இந்த விதியைப் பி.யூ.சி. முடிந்த பிறகு கேட்டறிந்து வருந்தியவர்கள் நம் குடியிருப்பில் இருக்கிறார்கள். வணிகப் பாடம் எடுத்து நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு பெண், செவிலியர் ஆக வேண்டுமென்று வந்து நின்றாள். நாம் என்ன செய்ய இயலும்? முடிவு செய்யவேண்டிய காலம் பத்தாம் வகுப்பு முடிந்த அந்தக் கோடை விடுமுறை. ஆண் பிள்ளைகளும் இப்படிப்பில் சேரலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

கர்நாடகத்தில் அரசு இடங்கள் கர்நாடகத் தேர்வு ஆணையத்தின் பொது நுழைவுத் தேர்வின் வழியே நிரப்பப்படுகின்றன. இங்கேதான் நம்மைப் போன்ற இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குச் சிக்கல். முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யூ.சி. வரை குறைந்தது ஏழு ஆண்டுகள் இம்மாநிலத்தில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. மாற்றலுக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்குத் தனி விதி இருக்கிறது. அது எவ்வகையில் பொருந்தும் என்பதை அவ்வாண்டுக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டின் கையேட்டை நம்பாதீர்கள். நம் இரயில்வேக் குடும்பத்துப் பிள்ளை ஹூப்ளியில் இரண்டு வகுப்பு, அரசிக்கரையில் மூன்று வகுப்பு, மைசூரில் மீதி என்று படித்திருக்கும். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் படிப்புச் சான்று வேண்டும். மாற்றல் உத்தரவு வந்த வாரமே அந்தப் பள்ளியில் அதை எழுதி வாங்கிக்கொள்ளுதல் நலம். பத்து ஆண்டு கழித்து அரசிக்கரைக்கு வண்டியேறிச் சென்றால் பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்றிருப்பார், பதிவேடு எந்தப் பீரோவில் என்று எவருக்கும் தெரியாது.

பெயர் அடுத்த தொல்லை. நாம் தந்தை பெயரின் முதல் எழுத்தை முன்னே போடுகிறோம். இங்குள்ள பள்ளியில் அதைப் பின்னே போட்டுவிடுகிறார்கள். ஆதார் அட்டையில் முதல் எழுத்து விரிந்து தந்தையின் முழுப் பெயராகிறது. மூன்று காகிதத்தில் மூன்று பெண்கள்! நம் கண்ணுக்கு ஒரே பெண்தான்; சரி பார்க்கும் அதிகாரியின் கண்ணுக்கு அப்படியல்ல. அவரைக் குறை கூறவும் முடியாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நாமும் அதையே கேட்போம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் அனுப்பும் முன் மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

சாதிச் சான்று பற்றியும் சொல்லத்தான் வேண்டும். சொந்த ஊரில் தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினர் என்று பெற்ற சான்றைக் கொண்டு இங்கே இடஒதுக்கீடு கேட்க இயலாது. தந்தையின் உத்தியோகத்தால் ஆந்திரத்திலிருந்து பம்பாய் சென்று குடியேறிய ஒரு மாணவர், மருத்துவக் கல்லூரி இடத்திற்காகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-இல் அவ்வாறே தீர்ப்பளித்தது. நமக்கு இது கசப்பான செய்தி. ஆயினும் அறியாமல் அந்த ஒன்றையே நம்பி, வேறு கல்லூரி எதற்கும் விண்ணப்பிக்காமல் இருந்து ஓராண்டை இழப்பது அதனினும் கசப்பு. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வரிசைப்படி இடம் தருகிறார்கள். அங்கும் விண்ணப்பிக்க விழைவோர் அவ்வரசின் கையேட்டைத் தனியே பார்க்க வேண்டும்.

தனியார் கல்லூரியில் நிர்வாக இடம் வாங்கித் தருவதாகத் தரகர்கள் வீடு தேடி வருகிறார்கள். அவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது? இம்மாநிலத்தில் பெரும்பாலானவை 1996-இல் நிறுவப்பட்ட ராஜீவ் காந்தி சுகாதார விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. மாநிலச் செவிலியர் மன்றத்தின் அங்கீகாரம் உண்டா? மாணவியர் பயிற்சி பெறும் மருத்துவமனை எது, படுக்கைகள் எத்தனை? மூன்றாவது கேள்விக்குத் தரகர் பேச்சை மாற்றினால், முன்பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு, அந்த மருத்துவமனைக்கு ஒரு காலைப்பொழுதில் நேரே சென்று பாருங்கள். நோயாளிகள் இல்லாத கட்டடத்தில் எந்தப் பெண்ணும் செவிலியர் ஆக முடியாது.

இடம் கிடைத்துவிட்டது, இனி பெண் படிப்பாள் என்று நாம் சாய்ந்துகொள்கிறோம். நாமும் அப்படிச் சாய்ந்தவர்களே.

நான்கு ஆண்டுகளில் எட்டுப் பருவங்கள். உடற்கூறு, உடலியக்கம், உளவியல், சத்துணவு, நுண்ணுயிரியல், மருந்தியல் என்று பாடங்கள் அடுக்கடுக்காக வரும். எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தனித்தனியே 50 விழுக்காடு பெற வேண்டும். படிப்பை அதிகமாக எட்டு ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும். இவையெல்லாம் பிற படிப்புகளிலும் உள்ளவை போன்றவையே. ஆனால் வருகைப் பதிவு பற்றிய விதி ஒன்று இருக்கிறது. தேர்வு எழுத, பாடத்திலும் பயிற்சியிலும் 80 விழுக்காடு வருகை வேண்டும். எக்காரணத்தால் வரவில்லை என்பது கணக்கில் இல்லை. பட்டம் பெறுவதற்கு முன் மருத்துவமனைப் பயிற்சியில் 100 விழுக்காடு வருகை நிறைந்திருக்க வேண்டும். நூற்றுக்கு நூறு! முப்பது நாளில் இரண்டு நாள் தற்செயல் விடுப்பு எடுத்துப் பழகிய நமக்கு இது முதலில் விளங்கவில்லை.

நம் தமக்கையின் மகள் இந்நகரத்துக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து படிக்கிறாள். முதல் மாதம் வார்டிலிருந்து வந்தவள் இரவில் சாப்பாட்டைத் தொடவில்லை. முடியாத ஒரு முதியவருக்குப் படுக்கையிலேயே மலம் எடுத்துக் கழுவித் துடைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவள் தாய் அழுதாள். “வேண்டாம், நிறுத்திவிடலாம்” என்றாள். பெண் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் தானே தயிர்சாதம் கட்டிக்கொண்டு கிளம்பினாள். அந்த முதியவர் அவளிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டாராம், அது புரியவில்லையாம். அந்த வருத்தம் மற்றதை மறக்கடித்துவிட்டது. பாடநூல் ஆங்கிலம், வீடு தமிழ், நோயாளி கன்னடம். “எல்லி நோவு?” என்று கேட்கக் கற்றுக்கொண்டபோது, இது நம் ‘நோவு’தானே மாமா என்று வியந்தாள். கன்னடம் படிக்காமல் இந்நகரத்தில் இப்படிப்பை முடிக்கலாம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

மூன்றாம் ஆண்டில் அவள் குழந்தைகள் வார்டில் பயிற்சியில் இருந்தபோது, அவள் அண்ணனுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. திருமணம் கரூரில். பந்தக்கால், முகூர்த்தம், மறுவீடு, குலதெய்வ வழிபாடு என்று பெரியோர்கள் எட்டு நாள் கணக்குப் போட்டனர். தாய்மாமன் என்ற உரிமையோடு விடுப்புக் கடிதத்தை நாமே எழுதினோம். நல்ல கடிதம், இருபது ஆண்டு எழுத்தர் அனுபவம் முழுவதும் அதில் இருந்தது. வகுப்பு ஆசிரியை அதைப் படித்துவிட்டு, “விடுப்புத் தருவதில் தடையில்லை ஐயா, ஆனால் விட்ட நாட்கள் அனைத்தையும் இவள் வார்டில் நின்றே தீர்க்க வேண்டும், இரண்டு நாளில் திரும்பிவிட்டால் நல்லது” என்றார். அதை நாம் உபசார வார்த்தை என்று எடுத்துக்கொண்டோம். பெண்ணும், “முகூர்த்தத்திற்கு மட்டும் வருகிறேன் மாமா” என்று கெஞ்சினாள். அண்ணன் திருமணத்தில் தங்கை இல்லாவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அதட்டி அழைத்துச் சென்றோம்.

குழந்தைகள் வார்டிற்கென்று ஒதுக்கப்பட்டதே சில வாரங்கள்தாம். அதில் எட்டு நாள் போனதும் 80 விழுக்காடு உடைந்தது. தேர்வுக்கு முன் படிப்பதற்கென்று விடப்பட்ட நாட்களில், தோழியர் அறையில் புத்தகம் விரித்திருக்க, இவள் வார்டில் குழந்தைகளுக்குக் காய்ச்சல் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். தேர்வு எழுத அனுமதி கிடைத்தது. ஆனால் படிக்க நேரமின்றி, குழந்தை நலப் பாடத்தில் தவறினாள். மறுபடி எழுதித் தேறினாள் என்பது உண்மை. ஆயினும் அந்தத் தோல்வி அவள் மதிப்பெண் பட்டியலில் நிற்கிறது. கல்லூரியின் மீது குற்றமில்லை. பெண்ணின் மீதும் இல்லை. அந்த எட்டு நாளும் நாம் எடுத்துக் கொடுத்தவை. அவளோ இன்றுவரை நம்மை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் நமக்கு அதிக வேதனை.

ஆகவே தாய்மார்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். செவிலியர் படிப்பில் இருக்கும் பெண்ணைச் சீமந்தத்திற்கும் காதணி விழாவிற்கும் திருவிழாவிற்கும் அழைக்காதீர்கள். உறவினர் கேட்டால், பழியை நம் சங்கத்தின் மீது போடுங்கள், தாங்கிக்கொள்வோம். அவள் மாலைப் பயிற்சி முடிந்து இருட்டில் திரும்பும் நாட்களில் பேருந்து நிறுத்தத்தில் தந்தையோ தமையனோ நிற்கட்டும். அந்நேரத்தில் வரும் பெண்ணைப் பற்றி வாசலில் உட்கார்ந்து பேசுபவர்கள் நம் குடியிருப்பில் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியும். பாட்டிமார்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள்: இரவுப் பணி முடிந்து வந்த பெண் பகலில் தூங்கினால் எழுப்பாதீர்கள்.

விண்ணப்பக் காலத்தில் ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் நம் வீட்டில் காகிதங்களைப் பார்த்துக் கொடுக்க ஆயத்தமாயிருக்கிறோம். பி.யூ.சி.க்காரர்கள் மட்டுமின்றி, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரும் வரலாம். எல்லாப் பள்ளிகளின் சான்றுகளையும் கொண்டு வாருங்கள்.

நம் தமக்கை மகள் இப்போது எட்டாம் பருவத்தில் இருக்கிறாள். இன்று மாலை இவ்விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட அவளை அழைக்கலாமென்று குழுவினர் கேட்டனர். அவளுக்கு இன்று இரவுப் பணி. நாம் அழைக்கவில்லை.