ஆடுகளத்தில் ஊழியர், ஆவணத்தில் மாணவர்



கல்லூரியில் படித்துக்கொண்டே விளையாடுகிறவருக்குச் சம்பளம் தரலாமா என்ற கேள்வியோடு இந்தக் கருத்தரங்கு தொடங்குகிறது. அமெரிக்காவில் இந்தக் கேள்வியின் ஒரு பாதிக்கு விடை கிடைத்துவிட்டது. கல்லூரி ஆட்டக்காரர்கள் தொடர்ந்த ஹவுஸ் வழக்கில் ஏற்பட்ட சமரசத்துக்கு 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்தார். அதன்படி ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்கள் தம் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். 2016 முதல் ஆடியவர்களுக்குப் பத்தாண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு.

பணம் வந்துவிட்டது, ஊழியர் என்ற உரிமை மட்டும் வரவில்லை. இன்னொரு பாதி அதுதான். அது எப்படி நழுவியது என்று அறிய எழுபது ஆண்டு பின்னால், கொலராடோ மாநிலத்துக்குப் போக வேண்டும்.

டென்வர் பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர் ஒருவர் பயிற்சியில் காயமடைந்தார். டென்னிஸ் திடலைப் பராமரிக்கும் வேலை என்ற பெயரில் அவருக்கு மாதம் 50 டாலர் கிடைத்துவந்தது. அணியை விட்டால் அந்த வேலையும் போய்விடும். 1953இல் மாநில உச்ச நீதிமன்றம் அவரை ஊழியர் என்றே ஏற்று இழப்பீடு வழங்கச் சொன்னது. நான்கே ஆண்டுகளில் அதே நீதிமன்றம் வேறு திசையில் திரும்பியது. ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி ஆட்டக்காரர் ஒருவர் 1955இல் தலையில் அடிபட்டு இறந்திருந்தார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை என்று காரணம் சொல்லி, 1957இல் அவருடைய மனைவியின் கோரிக்கையைத் தள்ளியது. அந்த நாட்களில்தான் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ., ஆட்டக்காரர்களை 'மாணவ விளையாட்டாளர்' என்றே குறிப்பிடும்படி விதி செய்தது. இழப்பீட்டு வழக்குகளுக்குப் பயந்தே அப்படிச் செய்ததாக, சங்கத்தை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நடத்திய வால்டர் பையர்ஸ் தம் 1995ஆம் ஆண்டு நூலில் வெளிப்படையாகவே எழுதினார்.

1974இல் டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய கென்ட் வால்ட்ரெப், அலபாமா அணியுடனான ஆட்டத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தொழிலாளர் இழப்பீடு கேட்டு அவர் தொடர்ந்த வழக்கில் 2000ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: அவர் ஊழியர் அல்லர்.

சம்பளம் எதற்கு, பட்டப்படிப்புதானே கூலி என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் அந்தக் கூலி எப்படித் தரப்பட்டது? ஆசிரியர் வராத, வகுப்பே நடக்காத, ஒரு கட்டுரை கொடுத்தால் நல்ல மதிப்பெண் விழுகிற பாடங்கள் அங்கே பதினெட்டு ஆண்டுகள் ஓடின. 3,100 மாணவர்கள் அவற்றில் சேர்ந்திருந்தார்கள் என்று 2014இல் வெளியான விசாரணை அறிக்கை கண்டது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். அதற்காக என்.சி.ஏ.ஏ. பல்கலைக்கழகத்தைத் தண்டிக்கவில்லை. கள்ள நாணயத்தில் கூலி கொடுத்த முதலாளியைச் சும்மா விட்டது போலத்தான் இது.

பல்கலைக்கழகத்திடம் பணமில்லை என்ற வாதமும் உண்டு. பெரும்பாலான விளையாட்டுத் துறைகள் நஷ்டத்தில் ஓடுவது உண்மைதான். ஆனால் 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு நீக்க 7.5 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. பயிற்றுவிக்காமல் இருப்பதற்கு அத்தனை கோடி!

சமரசத்தின் உச்சவரம்பும் கேள்விக்குரியதே. பெரிய பல்கலைக்கழகங்களின் குறிப்பிட்ட சில வருவாய்களது சராசரியில் 22 விழுக்காடு என்று அது கணக்கிடப்பட்டது. தொழில்முறைக் கூடைப்பந்து லீகில் வீரர்களுக்கு வருவாயில் சுமார் பாதி போகிறது. அங்கே பேரம் பேசத் தொழிற்சங்கம் இருக்கிறது. கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு அது இல்லை. டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து அணி 2024 மார்ச்சில் 13க்கு 2 என்று வாக்களித்துச் சங்கம் அமைக்க முன்வந்தது. அந்த ஆண்டின் கடைசி நாளில் கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது. பெண்களின் குறையும் தீரவில்லை. இழப்பீட்டில் பெரும்பகுதி ஆண்களின் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போவதை எதிர்த்து எட்டு வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள்.

கட்டுரை வாசிக்க வந்திருக்கும் அறிஞர்களிடம் இந்தத் தலைமை உரை கேட்பது ஒன்றுதான். யாருக்கு எத்தனை டாலர் என்ற கணக்கை நாளேடுகள் பார்த்துக்கொள்ளட்டும். காயம்பட்டவருக்கு இழப்பீடு, பேரம் பேசும் உரிமை, நேர்மையாகப் பெற்ற பட்டம் ஆகியவற்றுக்குச் சட்டத்தில் எங்கே இடம் என்று விவாதியுங்கள். முதல் அமர்வைத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே தொடங்கலாம்.