நண்பகல் அரைமணி
(உழைப்பாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஆலையில் சங்கு ஊதுகின்றது. பொறிகள் ஓய்கின்றன. உழைப்பாளி கையைக் கழுவுகின்றான், தூக்குச்சட்டியைத் திறக்கின்றான், நான்கு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகின்றான். அலுவலகத்திலோ எழுத்தர் ஒரு கையால் சோற்றைப் பிசைந்து, மறு கையால் கோப்பைப் புரட்டுகின்றார். 'பகலில் ஓர் அரைமணி. அதில் என்ன செய்துவிட முடியும்?' என்பதே இருவர்தம் எண்ணமும். அந்த அரைமணி எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தவன் அதனை அவ்வாறு இகழான்.

அது முதலாளி மனமிரங்கி இட்ட பிச்சை அன்று. இந்நாட்டில் 1881-இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம், ஆலையில் உழைத்த சிறுவர்க்கு மட்டுமே நாளொன்றுக்கு ஒரு மணிநேர ஓய்வை வகுத்தது. வளர்ந்தோர் ஓய்வைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. பத்தாண்டு கழித்து, 1891-ஆம் ஆண்டுச் சட்டமே நண்பகலில் அனைவர்க்கும் அரைமணி ஓய்வு என்று விதித்தது. ஏட்டில் எழுதிய அவ்வரைமணியும் ஆலையில் போதுமானதாக இல்லை. ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே வெளிவந்து, கைகால் கழுவி, உண்டு, மீண்டும் வாயிலுள் நுழைதற்கு முப்பது மணித்துளி எவ்வாறு போதும்?

சென்னைப் பெரம்பூரில் பக்கிங்காம், கருநாடக ஆலைத் தொழிலாளர் எழுப்பிய முறையீடுகளுள் இந்நண்பகல் ஓய்வின் குறுமையும் ஒன்று. செல்வபதியாரும் இராமானுசலு என்பாரும் அவர்தம் துயரை எடுத்துச் சென்றனர், பி.பி. வாடியா முன்வந்து பேசினார். 1918 ஏப்பிரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்நாட்டின் முறையான முதல் தொழிற்சங்கம் எனப் போற்றப்படுவது அதுவே. அதனைத் தோளில் தாங்கியவருள் ஒருவர் திரு.வி. கலியாணசுந்தரனார். தமிழாசிரியராய் இருந்து, அப்பணியை விட்டு, 1917-இல் 'தேசபக்தன்' இதழின் ஆசிரியரானவர் அவர். தமிழ் கற்றவர் தொழிலாளியின் பக்கம் நின்றார். தொழிலாளியின் சோற்றுவேளை தமிழ் மேடையில் பேசப்பட்டது. அவ்வாலை 1996-இல் மூடப்பட்டுவிட்டது. அன்று தட்டிக்கேட்டோர் உயர்த்திய குரல் மட்டும் இன்னும் மூடப்படவில்லை.

பின்னர் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்து மணிநேரத்திற்கு மேல் இடைவிடாது வேலை வாங்கலாகாது, இடையே அரைமணியேனும் ஓய்வு தரல் வேண்டும் என்றது. 150 பேர்க்கு மேல் உழைக்கும் இடத்தில் அமர்ந்து உண்ண அறையும், 250 பேர்க்கு மேல் உழைக்கும் இடத்தில் உணவுச்சாலையும் வேண்டும் என்றும் கூறியது. கடைகளில் நாள் முழுதும் கால்கடுக்க நின்ற பெண்களுக்கோ, உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. இன்றும், பிறர்க்குப் பகலுணவு சுமந்து இருசக்கர வண்டியில் விரையும் இளைஞன், ஊர் உண்ணும் வேளையில் தான் உண்ண இயலாமல் ஓடுகின்றான். ஆகவே, கிடைத்த ஓய்வை வீணாக்குதல், இன்னும் கிடைக்காதவனை மறத்தலும் ஆகும்.

அவ்வரைமணியைத் திருடுவோர் மூவர். முதல் திருடன் விரைவு. மெல்லாது விழுங்கிய சோறு வயிற்றுக்குச் சுமை. வயிறு நிறைந்தது என்னும் செய்தி மூளைக்குச் சென்று சேரச் சிறிது நேரம் ஆகும். அதற்குள் அள்ளி விழுங்குவோன் அளவை மீறுகின்றான். இரண்டாம் திருடன் கோப்பு. உண்ணும்போதும் வேலை பார்ப்பவன் உண்டவனும் அல்லன்; வேலையைச் செவ்வனே செய்தவனும் அல்லன். மூன்றாம் திருடன் முன்னாளில் சீட்டுக்கட்டாய் வந்தான். இந்நாளில் கைப்பேசியாய் வந்திருக்கின்றான். திருவள்ளுவர் 93-ஆம் அதிகாரத்தில் கள்ளையும், 94-இல் சூதையும் கடிந்து, அடுத்து 95-இல் மருந்தை வைத்தார். அம்மருந்து கடையில் விற்பதன்று. முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணும் ஒழுக்கமே ஆகும்.

அங்ஙனமாயின் அரைமணியைப் பகுக்கும் முறை யாது? பதினைந்து மணித்துளி அமர்ந்து மென்று உண்ணுக. ஐந்து மணித்துளி நிழலில் மெல்ல நடக்க. சோறு மிகுந்த உணவுக்குப்பின் குருதியில் ஏறும் சருக்கரையை அச்சிறு நடை தணிக்கும். எஞ்சிய பத்து மணித்துளி உழைப்பவனுக்கே உரியது. களைத்தவன் கண்ணயரலாம். நண்பகலுக்குப்பின் வரும் சோர்வு சோம்பல் அன்று. உடலின் இயற்கை ஒழுங்கே அது. சிறுதுயில் அறிவைத் தெளிவிக்கும். அரைமணியைக் கடந்த துயிலோ எழுந்தபின் மந்தத்தைத் தரும்.

களையாதவன் நூலைத் திறக்கலாம். நாளொன்றுக்குப் பத்து மணித்துளி எனின், முந்நூறு வேலைநாளில் ஐம்பது மணிநேரம் ஆகின்றது. நாளுக்கு ஐந்து குறள் பொருளுணர்ந்து கற்பவன் 266 நாளில் 1330 குறளையும் முடித்துவிடுவான். 'படிக்க நேரமில்லை' என்பவன் தன் தூக்குச்சட்டியின் அருகிலேயே அந்நேரம் கிடப்பதைக் காணவில்லை.

இவற்றினும் பெரிய பயன் ஒன்று உண்டு. அஃது உடனிருந்து உண்ணல். விடியுமுன் எழுந்து, வீட்டார் அனைவர்க்கும் பொங்கிவைத்து, தனக்கென மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு வரும் பெண் ஒருத்தி அங்கிருப்பாள். திங்கட்கடைசியில் ஒன்றும் கொண்டு வராமல், 'பசியில்லை' என்று சொல்லி வெளியே சென்று நிற்கும் இளைஞன் ஒருவன் இருப்பான். தனித்து உண்போர் இவர்களைக் காணார். வட்டமாய் அமர்ந்து உண்போர் காண்பர். கேளாமலே ஒரு பிடி பகிர்வர். என்ன குலம் என்று கேளாமல் ஒருவர் குழம்பை ஒருவர் ஊற்றிக்கொள்ளும் இடத்தில், மேடையில் நூறுமுறை முழங்கிய சமன்மை ஓசையின்றி நடந்துவிடுகின்றது. கூலி குறைந்தவன் குறையும், பொறியில் விரல் நசுங்கியவன் துயரும் அவ்வட்டத்தில்தான் வெளிவருகின்றன. ஒருவன் குறையைப் பலர் அறிந்த பின்னரே அது கோரிக்கை ஆகின்றது.

ஆதலின் தமிழ்ப் பெருமக்களே, நாளை நண்பகலில் சங்கு ஊதும்போது கோப்பை மூடுக. கைப்பேசியைப் பைக்குள் இடுக. தனித்து நிற்பவனைப் பெயர் சொல்லி அழைத்து அருகில் அமர்த்துக. முன்னோர் போராடிப் பெற்ற அரைமணி அது. அதனை முழுதாய் உண்டு, முழுதாய் வாழ்க!