கல்கத்தா கண்ட பஞ்ச பாண்டவர்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மெட்ரிகுலேஷன் தேறியதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களை இத்தகைய மேடையில் ஏற்றியது சங்கத்தாரின் பெருந்தன்மை. இலக்கியம் பேசப் புலவர் பெருமக்கள் இருக்கிறார்கள். ஆகவே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் கால்பந்தாட்டம்.

ரயில்வேக்காரர் கால்பந்தைப் பற்றிப் பேசுவதென்றால், 1958ஆம் ஆண்டில் ஈஸ்டர்ன் ரயில்வே அணி கல்கத்தா லீக்கை வென்ற கதையையல்லவா சொல்ல வேண்டும் என்று அலுவலக நண்பர்கள் கேட்பார்கள். அந்தப் பெருமை எங்களுக்கு உண்டு. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்னும் மூன்று பெருங்கழகங்களையும் தாண்டி வேறோர் அணி அந்தப் பட்டத்தை மறுபடியும் பெற 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயினும் இன்று சொல்லப்போவது அதற்கும் ஒன்பது ஆண்டுகள் முந்திய 1949ஆம் ஆண்டின் கதை. எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே அதற்குக் காரணம்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, ஏழாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகன் வாடிய முகத்துடன் பள்ளியிலிருந்து வந்தான். "உன் தேஷ் எது?" என்று உடன் படிக்கும் பிள்ளைகள் கேட்டார்களாம். வங்காளிகள் தேஷ் என்று சொல்லும்போது மூதாதையர் வாழ்ந்த ஊரைக் குறிப்பதுண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒருவன் டாக்கா என்றானாம். இன்னொருவன் பர்த்வான் என்றானாம். இவன் வாய் திறக்கவில்லை. "கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் என்று சொல்லியிருக்கலாமேடா?" என்றாள் அவன் தாய். "அங்கே நான் நாலு தடவைதானே போயிருக்கிறேன்? இங்கேயோ, ஊருக்குப் போய்விடுவோம், போய்விடுவோம் என்றே அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படியானால் என் ஊர் எது அம்மா?" என்று கேட்டான் பையன். தென்னக ரயில்வேக்கு மாற்றல் கோரும் விண்ணப்பம் ஒன்று, பாதி எழுதியபடி அப்போது மேசை இழுப்பறையில் கிடந்தது. எங்களுக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

மறுநாள் இதை அலுவலகத்தில் சொன்னபோது, ஓய்வு பெறும் வயதை நெருங்கிய வங்காளி நண்பர் ஒருவர், நாங்கள் தாதா என்று அண்ணன் முறை வைத்து அழைப்பவர், சிரித்தார். "உங்கள் பஞ்ச பாண்டவர்களைப் பற்றிப் பையனுக்குச் சொன்னதில்லையா?" என்று கேட்டார். பாரதக் கதையின் பாண்டவர்களைத் தவிர வேறு பாண்டவர்களை நாங்கள் அறியோம். பதினெட்டு ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்தும் அறியாததை வெட்கத்துடன் ஒப்புக்கொண்டோம். அவர் சொல்லக் கேட்டதையும், பின்னர் தேடிப் படித்ததையும் இங்கே சொல்கிறோம்.

1947இல் நாடு பிரிந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து வீடு, வயல், தோப்பு, குளம் யாவற்றையும் விட்டு இலட்சக்கணக்கானோர் இந்நகரை நோக்கி வந்தனர். சியால்டா நிலையத்தின் நடைமேடைகளே பலருக்கு வீடாயின. பின்னர் ஜாதவ்பூர் முதலிய இடங்களில் தாங்களே குடிசை போட்டுக் காலனிகளை அமைத்துக்கொண்டனர். தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள இந்நகரில் அவர்களுக்கு இருந்தவை மிகச் சில. அவற்றுள் ஒன்று, 1920 ஆகஸ்டில் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகம். விட்டு வந்த மண்ணின் பெயரைத் தாங்கிய கழகம் அல்லவா? சிவப்பும் பொன்னிறமும் கொண்ட அதன் சட்டையே அவர்களுக்குக் கொடியாயிற்று. எதிரே நின்றதோ, 1911இல் ஆங்கிலேயப் பட்டாளத்து அணியை வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கொணர்ந்த மோகன் பகான். மேற்கு வங்காளத்துப் பூர்வீகக் குடிகளின் செல்லப்பிள்ளை.

இத்தகைய காலத்தில், ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் முன்வரிசை ஐந்து இடங்களிலும் வங்காளியர் எவரும் நிற்கவில்லை. ஐவரும் தென்னாட்டினர். வலது ஓரத்தில் வெங்கடேஷ், அவருக்கு உட்புறம் காக்கிநாடாவின் அப்பாராவ், நடுவில் தன்ராஜ், இடது உட்புறம் பெங்களூரின் அகமது கான், இடது ஓரத்தில் கேரளத்துச் சாலே. இவர்களுள் தன்ராஜும் அகமது கானும் 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இடம்பெற்றுத் திரும்பியவர்கள்.

இக்காலத்துக் குழந்தைகளுக்கு ஒரு விளக்கம். ஐவர் தாக்க, மூவர் இடைநிலையில் நிற்க, இருவர் பின்னே காக்க, ஒருவர் கோலில் நிற்பது அக்கால ஆட்ட முறை. ஓரத்தில் நிற்கும் இருவர் விரைந்தோடிப் பந்தை நடுவே அனுப்புவர். உட்புறத்து இருவர் அதை வாங்கியும் கொடுத்தும் எதிரணியின் காவலைக் கலைப்பர். நடுவில் நிற்பவர் காரியத்தை முடிப்பார். ஐவருள் ஒருவர் தம் பெருமைக்காகப் பந்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டால் வரிசை முழுவதும் குலைந்துவிடும். ஐந்து விரலும் ஒன்றுபோல் இரா என்பது நம்மவர் வாக்கு. ஆனால் சோற்றைப் பிசைந்து உண்ணும்போது ஐந்தும் கூடித்தானே ஆக வேண்டும்?

கூடின. 1949ஆம் ஆண்டுப் பருவத்தில் ஈஸ்ட் பெங்கால் மூன்று பெரும் பட்டங்களை வென்றது. கல்கத்தா லீக்கில் முதலிடம் பெற்றது. ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்தில் மோகன் பகானை 2-0 என்று வீழ்த்தியது. பின்னர் பம்பாய் சென்று ரோவர்ஸ் கோப்பையையும் கொண்டுவந்தது. 1950, 1951 ஆண்டுகளிலும் கேடயம் அவர்களிடமே தங்கியது. 1951, 1952 ஆண்டுகளில் டில்லியின் டூராண்டு கோப்பையும் சேர்ந்தது. 1949 முதல் 1953 வரை கழகம் அடித்த 387 கோல்களில் 260 இந்த ஐவருடையவை. வீடிழந்து வந்த மக்கள் அவர்களுக்குப் பஞ்ச பாண்டவர் என்று பெயர் வைத்தார்கள். பாண்டவரும் நாடிழந்து வனம் புகுந்தவர்களே என்பதை நினைத்தால், அந்தப் பெயரின் பொருத்தம் நெஞ்சைத் தொடுகிறது.

தாதாவின் தந்தை 1948இல் பரிசாலிலிருந்து வந்தவர். மதத்தின் பெயரால் மூண்ட பகையில் வீட்டைத் துறந்து, மனைவியுடன் சியால்டா நடைமேடையில் நாட்களைக் கழித்தவர். 1949இல் ஒருநாள் ஆட்டம் பார்த்துவிட்டுத் தொண்டை கட்டிப்போய் இரவில் திரும்பினாராம். "யார் பெயரைச் சொல்லி இப்படிக் கத்தினீர்கள்?" என்று மனைவி கேட்டாளாம். "நம் அகமதின் பெயரைத்தான்" என்றாராம் அவர். மனைவி சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "பையன் நன்றாக ஆடினானா?" என்று மட்டும் கேட்டாளாம். இதைச் சொல்லும்போது தாதாவின் குரல் தழுதழுத்தது.

அன்பர்களே, பிரிவினை முடிந்து இரண்டே ஆண்டுகள். புண் ஆறாத காலம். அக்காலத்தில், இந்துவாகப் பிறந்ததற்காக ஊரைவிட்டு ஓடிவந்த மக்கள், அகமது கானையும் சாலேயையும் நம் பிள்ளைகள் என்று கொண்டாடினார்கள். தெலுங்கையும் மலையாளத்தையும் மதராசி என்னும் ஒரே சொல்லில் அடக்கிய ஊர்தான் இது. ஆனால் அந்த ஐவரையும் பெயர் சொல்லி அறிந்து வைத்திருந்தது.

இதில் நமக்குரிய பாடம் ஒன்று உண்டு. அந்த ஐவரும் ஒரே வரிசையில் ஆடியது ஐந்து பருவங்களே. அந்த ஐந்து பருவங்களில் அவர்கள் இவ்வூரார் ஆகிவிட்டனர். நாங்களோ பதினெட்டு ஆண்டுகளாகப் பிரயாணிகள் தங்கும் அறையில் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு, வண்டி எப்போது வரும் என்று பார்த்திருப்பவரைப் போல வாழ்ந்துவிட்டோம். கடைத்தெரு வங்காளி பேசுவோம்; ஒரு வரி படிக்கத் தெரியாது. எப்படியும் திரும்பப் போகிறோமே என்று அண்டை வீட்டாரோடு நெருங்கவில்லை. ஊருக்குப் போனபின் கற்றுக்கொள்வான் என்று மகனுக்குத் தமிழ் எழுத்தையும் ஒழுங்காகக் கற்பிக்கவில்லை. இரண்டு ஊரையும் அவனுக்குக் கொடுக்கத் தவறியவர்கள் நாங்களே. இந்த அவையில் எங்களைப் போன்றோர் வேறு சிலரும் இருக்கக்கூடும்.

அந்த விண்ணப்பம் இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது. வயதான தாயார் ஊரில் இருக்கிறார்; என்றேனும் அதை அனுப்ப நேரலாம். அதில் குற்றமில்லை. ஐவர் கூட்டு கலைந்த பின்னும் பல ஆண்டுகள் இங்கே ஆடிய அகமது கான், 2017இல் தம் பெங்களூரில்தான் மறைந்தார். அதனால் அவர் கல்கத்தாவுக்கு அந்நியராகிவிடவில்லை. ஓர் ஊரில் இருக்கும் வரையில் முழு மனத்தோடு இருந்துவிட்டவரை அந்த ஊர் மறப்பதில்லை.

இக்கதையை மகனிடம் சொன்னோம். தேஷ் எது என்று கேட்டால் இரண்டு பெயர் சொல் என்றோம். அவன் மறுநாளே சொல்லிவிட்டு வந்தான். "அப்படியானால் நீ எந்தக் கட்சி? இலிஷ் மீனா, சிங்கிரி இறாலா?" என்று அடுத்த கேள்வி பிறந்ததாம். ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷுக்கும், மோகன் பகான் வென்றால் இறாலுக்கும் விலை ஏறும் ஊரல்லவா இது! "எங்கள் வீட்டில் கத்தரிக்காய்தான், ஆனால் அணி ஈஸ்ட் பெங்கால்" என்றானாம் பையன். வகுப்பே சிரித்ததாம், அவனும் சேர்ந்து சிரித்தானாம்.

இப்போது ஞாயிறுதோறும் காலையில் நாங்கள் அவனுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்கிறோம். மாலையில் அவன் எங்களுக்கு வங்காள எழுத்தைக் கற்பிக்கிறான். மாணவர்களில் யார் மந்தம் என்று கேட்காதீர்கள். உங்கள் இல்லங்களிலும் இந்த இரண்டு பள்ளிகளும் நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.