தண்ணீர்க் குழுவில் தாய்மாருக்கும் இடம் வேண்டும்

(தோட்ட நீர்க் குழு தெரிவுக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



தெரிவுக்கு முன்னால் ஆண்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணி வேணும்? பாருங்க, பதிலுக்கு மனைவியைத் திரும்பிப் பார்க்கிறீங்க. தப்பில்லை. ஆனால், கணக்குத் தெரிந்தவர்கள் குழுவில் இருக்க வேணாமா?

நான் பிறந்த தோட்டத்தில் குழாய்த் தண்ணி வந்த புதிதில், ஆம்பிளைங்க மட்டும் கூடிப் பேசி, காலை 9 மணியிலிருந்து 11 மணி வரை வால்வைத் திறக்கிறதுன்னு முடிவு செஞ்சாங்க. திறக்கிற ஆளுக்கு அது வசதியான நேரம். அந்த நேரத்தில் பெண்ணாட்கள் எல்லாரும் கொழுந்து மலையில். குழாயில் தண்ணி வருது, லயத்தில் பிடிக்க ஆள் இல்லை. அம்மா பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, பழையபடி குடத்தோடு பீலிக்குத்தான் போனாங்க. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கேட்க வேண்டியவர்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். பிறகு பெண்கள் போய்ப் பேசி, பிரட்டுக்கு முன்னால் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம் என்று மாற்றினாங்க. அதே இரண்டு மணித்தியாலம்தான். ஒரு சதம்கூட செலவாகவில்லை.

மலசலகூடமும் அப்படித்தான். வெளிச்சமில்லாத மூலையில், உள்தாழ்ப்பாள் இல்லாமல் கட்டினால், பெண் பிள்ளைகள் இரவில் போகமாட்டார்கள். அடக்கி வைப்பார்கள், அதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைப்பார்கள். சிறுநீர்த் தொற்று வர இதுவும் ஒரு காரணம். எங்கே கட்டுவது, கதவு எப்படி இருக்கணும் என்று அவர்களையும் கேளுங்கள்.

1992ஆம் ஆண்டு டப்ளின் நகரில் நடந்த சர்வதேச நீர் மாநாடு, தண்ணீரை வழங்குவதிலும் நிர்வகிப்பதிலும் பாதுகாப்பதிலும் பெண்களுக்கு முக்கிய பங்கு உண்டு என்று ஒரு கோட்பாடாகவே அறிவித்தது. நமது தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது 1984இல். நாட்சம்பளத்தில் வந்த சமம் குழுவில் மட்டும் ஏன் வரக்கூடாது?

பேரை எழுதினால் மட்டும் போதாது. நான் கேட்பது நான்கு:

1. குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றில் ஒரு பதவியாவது பெண்ணிடம் இருக்கட்டும்.

2. இரவு 7 மணிக்குக் கூட்டம் வைக்காதீங்க, அது அடுப்பு நேரம். ஞாயிற்றுக்கிழமை பகலில் வையுங்க. அந்த நேரம் பிள்ளையை அப்பா பார்த்துக்கொள்ளட்டும்.

3. வால்வு திறக்கவும் வாஷர் மாற்றவும் பெண்களுக்கும் பழக்குங்க. கொழும்புக்கு வேலைக்குப் போன தம்பி லீவில் வரும்வரை குழாய் ஒழுகக்கூடாது.

4. தாங்கி கழுவுவதையும் ஊற்றைச் சுற்றித் துப்புரவு செய்வதையும் ஆண்களும் முறை போட்டுச் செய்யணும். பங்கு கொடுக்கிறோம் என்று சொல்லி, பெண்கள் தலையில் இன்னொரு வேலையைச் சுமத்தக்கூடாது.

தாய்மார்களே, "எங்களுக்கு என்ன தெரியும்" என்று பின்னால் உட்காராதீங்க. மழை விட்டால் எந்த ஊற்று எத்தனை நாளில் வற்றும், எந்தப் பீலியில் தண்ணி கலங்கி வரும் என்று உங்களுக்குத்தான் தெரியும். அதைக் கூட்டத்தில் சொல்லுங்க, குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்க.

இப்போது தெரிவு ஆரம்பிக்கப் போகிறது. உங்கள் பெயரை யாராவது முன்மொழிந்தால் தலையைக் குனியாதீங்க, எழுந்து நில்லுங்க.