புளிப்பும் பழுதும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இத்தகைய மேடையில் வள்ளுவரையும் கம்பரையும் பேசுதல் மரபு. யாமோ மாவுப் பாத்திரத்தைப் பற்றிப் பேச எழுந்துள்ளோம். நகைக்க வேண்டா. தில்லியில் திசைக்கொன்றாய்ச் சிதறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களுள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டும் ஒன்று. எதிர்ப்புறத்தில் 1994ஆம் ஆண்டு தில்லி ஹாட் எழுந்தது. 2010இல் மெட்ரோ நிலையமும் வந்தது. ஆயினும் அந்தக் குறுகிய சந்துகளில் நம்மவர் நாடிச் செல்லும் பொருள்கள் மாறவில்லை: புழுங்கலரிசி, உளுந்து, தேங்காய், கறிவேப்பிலை, நல்லெண்ணெய்.

ஒரே கடையில், ஒரே மூட்டையிலிருந்து அளந்த அரிசி ஒரு வீட்டில் பூவாய்ப் பொங்குகிறது. அடுத்த வீட்டில் களிமண்ணாய்க் கிடக்கிறது. அப்போது பழி யார்மீது விழுகிறது? "அவள் கைக்கு மாவு பொங்காது" என்று ஒரு சொல் பிறக்கிறது. ஊரிலிருந்து புதிதாய் வந்த மருமகளின் உள்ளத்தை அச்சொல் எத்தனை நாள் அறுக்கும் என்பதைச் சொல்பவர் அறியார். இப்பழி நியாயமானதா என்று ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

நொதித்தல் நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, வீட்டிலேயே அரிசியால் மது ஆக்கும் முறையைப் படிப்படியாய்க் கூறுகிறது. அரிசியைக் களியாகக் கிண்டுவர்; அகன்ற வாயுடைய தட்டில் பரப்பி ஆறவிடுவர்; நெல்முளையை இடித்துக் கலப்பர்; பின்னர் உறுதியான சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளைய விடுவர். மேனாட்டார் பார்லியை முளைகட்டிப் பீர் ஆக்கும் முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. முளையிலுள்ள நொதிகள் மாவைச் சர்க்கரையாக்கும். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அச்சர்க்கரையைச் சாராயமாக்கும். 'ஆறவிட்டு' என்ற குறிப்பைக் காண்க. கொதிக்கும் களியில் முளையைக் கலந்தால் நொதியும் அழியும், நுண்ணுயிரும் மடியும். நுண்ணோக்காடி இல்லாத காலத்தில் பட்டறிவால் கண்ட உண்மை இது!

பனையேறுவோரும் இதனை அறிவர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் சாற்றில் புகுந்து பெருகுவதே கள்ளாவதன் காரணம். சுண்ணாம்பின் காரம் அவற்றைப் பெருகவிடாது. அழையாத விருந்தினர் எப்போதும் வாயிலில் நிற்கின்றனர்; கதவைத் திறப்பதும் அடைப்பதும் நம் கையில் என்பதே இதன் பொருள்.

அவ்விருந்தினரை உலகுக்குக் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். 1856இல் லீல் நகரில், பீட்ரூட் சாற்றிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலையொன்றில் தொட்டிகள் சில புளித்துக் கெட்டன. அவர் நுண்ணோக்காடியில் நோக்கினார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் அணுக்களும், கெட்ட தொட்டியில் கோல் வடிவான வேறு உயிர்களும் தென்பட்டன. 1876இல் பீரைப் பற்றித் தனி நூலே எழுதி, பீர் கெடுவது அயல் நுண்ணுயிர்களின் கலப்பால் என்று நிறுவினார். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் ஹான்சன் என்பார் ஒரே வகை ஈஸ்ட்டைத் தனியே பிரித்து வளர்த்தார். அதன்பின் பீர் ஆலைகளில் தற்செயலுக்கு இடம் சுருங்கிற்று.

நம் இட்லி மாவும் இவ்வாராய்ச்சிக்குத் தப்பவில்லை. அதனைப் பொங்கச் செய்யும் தலைமை நுண்ணுயிர் லியூகனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்று 1965இல் அமெரிக்க ஆய்விதழொன்றில் வெளியான கட்டுரை காட்டிற்று. அது வெளியிலிருந்து வாங்கிச் சேர்ப்பதன்று; உளுந்தோடும் அரிசியோடும் வருவது; ஊறவைக்கும்போதே பெருகத் தொடங்குவது. அது வெளியிடும் வாயுவை உளுந்தின் வழவழப்பு பிடித்து வைக்கிறது; வெந்தயமும் அதற்குத் துணைபுரிகிறது. ஆகவே, மாவு பொங்குவது அரைத்தவர் கைராசியால் அன்று. வெப்பமே அதன் உயிர்நாடி. முப்பது டிகிரியை ஒட்டிய சூட்டில் இவ்வுயிர்கள் செழிக்கும். தில்லியின் ஜனவரி இரவிலோ வெப்பம் பத்து டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. சென்னையில் ஓரிரவில் முடியும் வேலைக்கு இங்கு ஒன்றரை நாளும் போதாது. மேயிலோ அதே மாவு விடியுமுன்னே வழிந்தோடி அடுப்படியை நனைக்கும். மருமகள் மாறவில்லை, மாதம் மாறிற்று!

இனி, மிக முக்கியமானதொன்று. புளிப்பைக் குறையென்று எண்ணுகிறோம். உண்மையில் அதுவே மாவின் காவலன். அமிலம் ஏறிய மாவில் நோய் தரும் கிருமிகள் பல தலையெடுக்க இயலா. பொங்கவும் இல்லை, புளிக்கவும் இல்லை என்று நாட்கணக்கில் கிடக்கும் மாவே அஞ்சத்தக்கது; காவலன் வராத கோட்டை அது. குளிர்காலத்தில் மாவை வெதுவெதுப்பான இடத்தில், கம்பளி சுற்றி வைத்து, விரைந்து புளிக்கச் செய்தல் சுவைக்கு மட்டுமன்று, நலத்திற்கும் வேண்டுவதாகும். "ஆவியில் வெந்தால் எல்லாம் போய்விடும்" என்பதும் முழு உண்மையன்று. அரிசியுணவில் வளரும் பாசில்லஸ் சீரியஸ் போன்ற சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு வெந்த பின்னும் அழியாது. செந்நிறமோ கருநிறமோ படர்ந்த மாவையும், பூசணம் பூத்த மாவையும் மேலாக வழித்தெடுத்து மீதியைப் பயன்படுத்துதல் தகாது, முழுதையும் கொட்டிவிடுக. வீணாகிறதே என்ற வருத்தம் ஒரு நாளையது; குழந்தையின் வயிற்றுநோய் அவ்வாறன்று.

நேரும் விபத்துகள் பெரும்பாலும் சிறியவை. மார்க்கெட்டிலிருந்து கொணர்ந்த மீனையும் மாவையும் ஒரே மேடையில், ஒரே கையால் கையாளுதல். குழம்பில் இட்ட கரண்டியை மாவில் இடுதல். கீறல் விழுந்த பாத்திரத்தை அரைகுறையாய்க் கழுவுதல். கெட்ட பழைய மாவையே புதியதற்கு உறையாகச் சேர்த்தல். இவற்றை விலக்கச் செலவு ஏதும் இல்லை.

இளைஞர் சிலர் வீட்டிலேயே பீர் ஆக்கிப் பார்க்கலாமா என்று வினவுகின்றனர். தில்லியின் 2009ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமமின்றி மது ஆக்குதல் குற்றம். சட்டம் ஒருபுறம் நிற்க, நொதித்து முடியாத நீர்மத்தைப் புட்டியில் அடைத்து இறுக மூடினால் வாயு பெருகிப் புட்டி வெடிக்கும்; கண்ணாடிச் சில்லுகள் கண்ணைப் போக்கும். நொதித்தலை அறிய ஆர்வமிருப்பின், அம்மாவுக்கு மாவரைத்துக் கொடுங்கள். அறிவியலும் கிடைக்கும், இட்லியும் கிடைக்கும்.

பெரியோர்களே! இனி ஒரு வீட்டில் மாவு பொங்காவிடின் முதலில் வெப்பமானியைப் பாருங்கள். அடுத்து உளுந்து பழையதா என்று பாருங்கள். பின் பாத்திரத்தைப் பாருங்கள். அரைத்தவள் முகத்தைச் சினந்து பார்க்க வேண்டா. அவளும் தன் ஊரின் சூட்டைப் பிரிந்து இக்குளிருக்கு வந்தவளே. பழகச் சிறிது காலம் வேண்டும்.